அந்தச் சிவப்புக் கார் நம்முடையது இல்லை

எடிசன், நியூ ஜெர்சி
18.1.2026

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

பொங்கல் வியாழக்கிழமை வந்துவிட்டதால் எங்கள் வீட்டில் பால் சனிக்கிழமைதான் பொங்கியது. குக்கரில்.

முதலில் ஒரு விஷயம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உங்கள் பேத்தி ஒரு சிவப்புக் காருக்குள் உட்கார்ந்திருக்கிற படத்தைப் போட்டதிலிருந்து எனக்கு வாழ்த்து வந்துகொண்டே இருக்கிறது. தென்காசி அத்தை "எத்தனை லட்சம்?" என்று கேட்டுவிட்டாள். சித்தி சந்திப் பிள்ளையாருக்கு விடலைத் தேங்காயே போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்தக் கார் நம்முடையது இல்லை சித்தப்பா. ஷோரூமில் நின்ற கார். அதற்குள் உட்கார்ந்து படம் எடுக்கக் காசு கேட்கவில்லை, அதனால் எடுத்தாள்.

ஷோரூமுக்கு ஏன் போனாய் என்று கேட்பீர்கள். நவம்பரில் ஒரு ராத்திரி, பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு, அங்கிருந்து சிநேகிதர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறோம். கார்டன் ஸ்டேட் பார்க்வேயில் வரும்போது சூடு காட்டுகிற முள் மேலே ஏற ஆரம்பித்தது. ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டால் இன்ஜின் சூடு கொஞ்சம் இறங்கும் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்து திறந்துவிட்டேன். வெளியே உறைகிற குளிர், உள்ளே பங்குனி மாச பாளையங்கோட்டை. முள் இறங்கவில்லை. ஓரங்கட்டி நிறுத்தி, பானட்டைத் தூக்கினால் ஆவி. ரேடியேட்டர் மூடியில் கையே வைக்கவில்லை. உங்கள் இடது கைத் தழும்பை சின்ன வயசில் தினமும் பார்த்து வளர்ந்தவனாயிற்றே.

இழுவை வண்டி வர முக்கால் மணி நேரம் ஆனது. பக்கத்தில் வண்டிகள் போகிற வேகத்தில் நம் கார் தொட்டில் மாதிரி ஆடியது. உங்கள் மருமகள் பிரசாதப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னாள்: "கார் நின்னா பரவாயில்லை. நிக்கிற இடம் சரியில்லை."

இந்தக் காரின் ஜாதகம் உங்களுக்குத் தெரியும். 2013ஆம் வருஷத்து கேம்ரி. பேர்தான் ஜப்பான், பிறந்தது கென்டக்கி மாநிலம் ஜார்ஜ்டவுன். மாசம் 412 டாலர் வீதம் அறுபது மாசம் கட்டி 2018இல் கடன் தீர்ந்தது. அதுவரை 'டைட்டில்' என்கிற காகிதம் கடன் கொடுத்தவன் கையில் இருக்கும்; நம் ஊரில் ஆர்.சி. புத்தகத்தில் ஹெச்.பி. கேன்சல் பண்ணுகிற மாதிரிதான். அந்தக் காகிதம் தபாலில் வந்த அன்றைக்கு அதைச் சாமி படத்தடியில் வைத்தேன். இந்த நாட்டில் வீட்டுக்குக் கடன், படிப்புக்குக் கடன், பல் பிடுங்கினால் அதற்கும் தவணை. நான் முழுசாகச் சொந்தம் கொண்டாடக்கூடிய பெரிய சாமான் இந்தக் கார் ஒன்றுதான். 

கார்க் கடைக்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை போலிருக்கிறது. கடன் தீர்ந்த நாளிலிருந்து ஒரு கடிதம் விட்டு விட்டு வருகிறது. 'உங்கள் காரை வாங்க எங்களிடம் ஆள் காத்திருக்கிறார்' என்று. இந்த டிசம்பரில் வந்ததில் ஒரு பிளாஸ்டிக் சாவியை வேறு ஒட்டி அனுப்பியிருந்தார்கள். பார்க்வே சம்பவத்துக்குப் பிறகு அந்தச் சாவியை உங்கள் மருமகள் குப்பையில் போடவில்லை, ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தைக்குச் சின்ன வயசில் என்னைக் கூட்டிப் போவீர்களே, துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், அதே சந்தைதான் நாங்கள் போன ஷோரூமும். ஏசி போட்டிருக்கிறது, துண்டு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். விற்பனைக்காரப் பையன் முதலில் நம் காரைச் சுற்றி வந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. கதவோரக் கீறலில் விரல் வைத்தான், நின்றான். பின் பம்பரில் விரல் வைத்தான், பெருமூச்சு விட்டான். ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பவன்கூட இவ்வளவு துக்கப்பட்டதில்லை. டேஷ்போர்டில் 2013இல் வைத்த சந்தனக் குங்குமப் பொட்டு இன்னும் மங்கலாக இருக்கிறது. அதையும் தொட்டுப் பார்த்து, "கறையா?" என்றான். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் சாவி அவனிடம். மதிப்புப் போட வேண்டும் என்று உள்ளே கொண்டுபோனவர்கள் ஒன்றரை மணி நேரம் திருப்பித் தரவில்லை.

அடுத்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கூட்டல் குறி போட்டு நாலு கட்டமாகப் பிரித்தான். ஒரு கட்டத்தில் பழைய கார், ஒன்றில் புதுக் கார் விலை, ஒன்றில் முன்பணம், ஒன்றில் மாசத் தவணை. நான் விலையைக் கேட்டால் அவன் தவணைக் கட்டத்துக்குப் போகிறான். தவணையைக் குறை என்றால் மாசத்தைக் கூட்டுகிறான். பழைய காருக்குக் கூடக் கொடு என்றால் புதுக் கார் விலை சத்தமில்லாமல் ஏறுகிறது. "மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" என்பதை மட்டும் ஆறு தடவை கேட்டான். மேனேஜர் கண்ணாடி அறைக்குள் மூலவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பையன் உள்ளே போவதும், ஏதோ உத்தரவு வாங்கி வருவதுமாக இருந்தான். நமக்குத் தரிசனம் கடைசி வரை கிடையாது, தண்ணீர் பாட்டில் மட்டும் பிரசாதம். நம் காருக்கு 3,200 டாலர் என்று ஆரம்பித்து 4,500க்கு வந்தார்கள்.

கடைசியில் வேறொரு அறை. இங்கே கூடுதல் வாரண்டி, பெயின்ட்டுக்குப் பாதுகாப்பு, கண்ணாடியில் நம்பர் செதுக்குவது என்று ஒரு பெரிய பட்டியல். டயரில் நைட்ரஜன் நிரப்ப 199 டாலர். உங்கள் பேத்தி போனிலிருந்து தலையைத் தூக்கி, "வெளியே இருக்கிற காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தானே?" என்றாள். அந்த ஆள் பட்டியலில் அந்த வரியை மட்டும் அடித்தார். அவளுடைய பள்ளிக்கூடத்துக்கு நான் கட்டும் சொத்து வரி அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு வசூலாகிவிட்டது.

யோசித்துச் சொல்கிறேன் என்று கும்பிடு போட்டுவிட்டு வந்து, ராத்திரி சாப்பாட்டு மேஜையில் கணக்கு எழுதினேன். புதுக் கார் 32,000 டாலர். அதில் நம் காருக்கான 4,500 போக மீதி 27,500க்குத்தான் இந்த மாநிலத்தில் 6.625 சதவீத விற்பனை வரி. அதனால் ஏறக்குறைய 300 டாலர் வரி மிச்சம். அங்கே நான் கண்ட ஒரே நியாயம் அதுதான். அதையும் கடைக்காரன் தரவில்லை, சர்க்கார் தருகிறது. வரியும் பத்திரக் கூலியும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 30,000 கடன். ஆறரை சதவீத வட்டிக்கு 72 மாசம் என்றால் மாசம் 504 டாலர். வட்டி மட்டும் 6,300. பேத்திக்கு இப்போது பதினாறு. அவள் காலேஜ் முடிக்கிற வரைக்கும் கார் கடன் கூடவே படிக்கும்.

பழைய காருக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி ஒரு லாக் புக் வைத்திருக்கிறேன். கடன் தீர்ந்த ஏழு வருஷத்தில் டயர், பேட்டரி, பிரேக் எல்லாம் சேர்த்து 6,150 டாலர். மாசத்துக்கு 73. ஓடியிருப்பது 1,47,000 மைல், நம் கணக்கில் இரண்டு லட்சத்து முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர். வண்ணார்பேட்டை டெப்போவில் நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கண்டம் பண்ணிய பஸ்களோடு ஒப்பிட்டால் இது கைக்குழந்தை.

எஃப்.சி.யும் பாஸ். எஃப்.சி. என்றால் நம் ஊர் எஃப்.சி. இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அரசாங்க நிலையத்தில் இனாமாக, காரில் ஒரு ஒயரைச் சொருகிப் புகைக் கணக்கை மட்டும் பார்ப்பார்கள். பிரேக் பார்க்கிறதை 2010இலேயே நிறுத்திவிட்டார்கள். பெட்ரோலை மட்டும் நாமே போட்டுக்கொள்ளக் கூடாது. அதற்கு 1949லிருந்து இந்த மாநிலத்தில் தடை. பம்பில் ஆள்தான் போட வேண்டும். நெருப்பு பற்றிவிடுமாம். பிரேக் இல்லாமல் போகலாம், பெட்ரோல் பைப்பைப் பிடிக்கக் கூடாது. இதை வைத்து இவர்கள் எப்படி நிலாவுக்குப் போனார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

உங்கள் மருமகள் கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டு, "இதுல என் பயத்துக்கு எந்தக் கட்டம்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. புதுக் கார் முன்னால் ஏதாவது வந்தால் தானே பிரேக் பிடிக்கும். நம்முடையதில் அது கிடையாது, நானேதான் பிடிக்க வேண்டும். பதில் சொல்ல முடியவில்லை, மெக்கானிக்கிடம் போனேன்.

ஈக்வடார்க்காரர். உங்கள் வயசு இருக்கும், உங்களை மாதிரியே ஸ்பானரைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து இன்ஜினைக் கேட்கிறார். டார்ச் அடித்துக் காட்டினார்: வாட்டர் பம்ப்புக்குக் கீழே, சுவரில் உப்புப் பூத்த மாதிரி ரோஸ் கலரில் காய்ந்து அப்பியிருந்தது. கூலன்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்த தடம். பல மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, நான்தான் பானட்டைத் திறந்து பார்க்கவில்லை. கார் மேல் தப்பே கிடையாது. டைமிங் பெல்ட் இல்லை, செயின். அது நன்றாக இருக்கிறது என்றார். அடியில் ரோட்டு உப்பு கொஞ்சம் தின்றிருக்கிறது. இன்னும் இரண்டு குளிர்காலம் தாராளமாக ஓடும் என்றார். பம்ப், பெல்ட், கூலன்ட், கூலி எல்லாம் 640 டாலர்.

ஆக, காரை மாற்றவில்லை. ஆனால் வீட்டில் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. புதுக் கார் வாங்கியதாகவே நினைத்து மாசம் 504 டாலரைத் தனி அக்கவுண்ட்டில் போட்டு வருகிறேன். இரண்டு குளிர்காலம் தாண்டினால் 12,000 சேரும். இழுவை வண்டிக்குச் சந்தா கட்டியாகிவிட்டது. ராத்திரி பார்க்வே கிடையாது. கெடு 2027 டிசம்பர் என்று உங்கள் மருமகள் லாக் புக்கின் கடைசிப் பக்கத்தில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். பேத்தி பதினேழு முடிந்து லைசென்ஸ் எடுத்ததும் நம்பர் பிளேட்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓட்ட வேண்டும், இங்கே சின்ன வயசுக்காரர்களுக்கு அது சட்டம். அவளுக்கு இடித்துப் பழக பழைய கார்தான் தோது.

தென்காசி அத்தைக்கு நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். சித்தி போட்ட விடலையைப் பழைய கார் பேரில் வரவு வைத்துக்கொள்ளும்படி பிள்ளையாரிடம் சொல்லச் சொல்லுங்கள், வீணாக வேண்டாம்.

'கழற்றின சாமானைக் கேட்டு வாங்குல' என்று சொல்வீர்களே, வாங்கிவிட்டேன். பழைய வாட்டர் பம்ப் பேப்பரில் சுற்றி ஷூ பெட்டியில் இருக்கிறது. ஜூலையில் வரும்போது கொண்டுவருகிறேன். பேரிங் போனதா, சீல் போனதா என்று நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்