பொம்மை சார்

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் மூன்று வகை. மனை வாங்கி விற்பவர்கள், மொட்டை மாடியில் ரோஜா வளர்ப்பவர்கள், பழம்பொருள் சேர்ப்பவர்கள். முதல் வகையோடு பழகினால் பணம் போகும். இரண்டாம் வகையோடு பழகினால் தண்ணீர் போகும். மூன்றாம் வகை வீட்டுக்கு வந்து போனால், பரணில் கிடந்த மரப்பாச்சி போயிருக்கும்.

பொம்மை சார் மூன்றாம் வகை. கம்பெனியில் குவாலிட்டி கன்ட்ரோல். பத்து மைக்ரான் பிசகினாலும் சிவப்பு பெயின்ட் அடித்து ஒதுக்கியவர். இப்போது எல்லாம் தலைகீழ். விரிசல் விடாத பொம்மையை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். மூக்கு உடைந்த தஞ்சாவூர்த் தலையாட்டி, கை போன மரப்பாச்சி, மூடி தொலைந்த சொப்பு இவற்றுக்குத்தான் கண்ணாடி அலமாரியில் இடம்.

ஞாயிறு விடிவதற்குள் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிவிடுவார். பெங்களூரு சிக்பேட்டையில் ஞாயிற்றுச் சந்தை. கன்னடத்தில் விசாரிப்பார், தெலுங்கில் விலையைக் குறைப்பார், கடைசியில் தமிழில் ஏமாறுவார்.

அவர் வீட்டுக்குப் போனால் காபிக்கு முன் சன்னபட்டணம் பொம்மை வரும். "வெட்பாலை மரம் சார். கடைசலில் சுத்தும்போதே அரக்குக் குச்சியை அழுத்தணும். உரசுற சூட்டில் அரக்கு உருகிப் படியும். அப்புறம் தாழை மடலால் தேய்ச்சா முகம் பார்க்கலாம்!" நமக்குத் தெரிவதெல்லாம் ஆறிப்போகும் காபியின் முகம்தான்.

நவராத்திரி அவருக்கு ஆடிட் சீசன். தெலுங்கு வீடு, கன்னட வீடு, தமிழ் வீடு என்று பேதமில்லை. கொலு இருந்தால் போதும். சுண்டலை ஓரமாக வைத்துவிட்டு, படியில் இருக்கும் செட்டியாரைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்பார்.

"ஏம்மா, இதுக்குப் பெயின்ட் அடிச்சீங்களா?"

"போன வருஷம் அடிச்சோம் அங்கிள். நல்லா இருக்கா?"

"கொன்னுட்டீங்களேம்மா!"

செட்டிச்சி பொம்மை விதவையான தோரணையில் அங்கே ஒரு நிமிடம் மௌனம் நிலவும்.

சாரின் வீட்டம்மா ஒருநாள் கேட்டே விட்டார், இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று. சார் இலக்கியத்தில் இறங்கினார். "பிள்ளைத்தமிழ்ல பத்துப் பருவம் இருக்கு. ஆண்பால்ல எட்டாவது சிற்றில், பொண்ணுங்க கட்டின மணல் வீட்டைச் சிதைக்காதேன்னு கெஞ்சுறது. பத்தாவது சிறுதேர். பொம்மை வீடும் பொம்மை வண்டியும் நம்ம மரபு!"

"அது பிள்ளைக்குங்க. உங்களுக்கு இது எந்தப் பருவம்?"

போன மாதம் சந்தையிலிருந்து ஒரு நடைவண்டி வந்தது. எண்பது வருஷத்துப் பழசு என்று கடைக்காரர் சத்தியம் செய்தாராம். சட்டத்தில் கறை, கைப்பிடியில் தேய்மானம், மூன்று சக்கரத்திலும் அழகழகான விரிசல். சார் வெர்னியர் வைத்து விரிசலை அளந்து பூரித்தார். வீட்டம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடியில் குனிந்து பார்த்தார்.

"எண்பது வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஊர் ஆசாரி ஸ்டார் ஸ்க்ரூ போட்டாரா?"

"நடுவுல யாரோ ரிப்பேர் பண்ணியிருப்பாங்க."

"எட்டு ஸ்க்ரூவையுமா?"

சார் பதில் சொல்லவில்லை. வெர்னியரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கம்பெனியிலயும் இப்படித்தான் பாஸ் பண்ணீங்களா? சொல்லிடுங்க. நம்ம பையன் ஓட்டுறது உங்க கம்பெனி வண்டி!"