பாதிப் பாட்டை வைத்து நடந்த வழக்கு

டீப் பர்ப்பிள் குழுவின் ‘இன் ராக்’ இசைத்தட்டைப் புரோகிரசிவ் ராக்கில் சேர்க்கலாமா, கூடாதா? 1970களின் கடைசியில் பினாங்கின் டத்தோ கிராமாட்டில் இதை வைத்தே இரண்டு கட்சிகள் இருந்தன. இதனால் முகம் கொடுத்துப் பேசாமல் போன நண்பர்கள் உண்டு. இன்று சொன்னால் என் அக்கா மகன் நம்ப மறுக்கிறான்.

சண்டை இசையோடு நின்றிருந்தால் அத்தனை சூடு ஏறியிருக்காது. டத்தோ கிராமாட் சாலையில் அப்போது ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் ஈய ஆலை இருந்தது. அங்கே உலையடியில் நின்றவர்களின் பிள்ளைகள் நாங்கள். கொஞ்ச தூரம் தள்ளி, மெக்கலிஸ்டர் சாலைப் பக்கம் பங்களா வீடுகள். அந்த வீட்டுப் பிள்ளைகளும் எங்களோடுதான் படித்தார்கள். அவர்களிடம் ரெக்கார்ட் பிளேயர் இருந்தது. லண்டனில் படிக்கும் அண்ணன்மார் கொண்டுவந்த இசைத்தட்டுகள் இருந்தன. யெஸ், ஜெனிசிஸ், கிங் கிரிம்சன். இவற்றைக் கேட்பவன் விஷயம் தெரிந்தவன், டீப் பர்ப்பிள் கேட்பவன் பட்டறைக்காரன் என்பதுதான் அவர்களின் கணக்கு. புரோகிரசிவ் என்ற பட்டம் அன்று ஒரு நாற்காலி. அதில் எங்கள் பாட்டுக்கும் இடம் வேண்டும் என்று நாங்கள் கேட்டோம்.

எங்களுக்குக் கிடைத்தது பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையின் கசெட். 1987 பதிப்புரிமைச் சட்டத்துக்கு முந்திய காலம். கள்ளக் கசெட்டை மேசைமேல் குவித்து வைத்து விற்பார்கள். ‘இன் ராக்’ அட்டைப்படத்தில், அமெரிக்காவின் ரஷ்மோர் மலையில் அதிபர்களின் தலைகள் இருக்கும் இடத்தில் குழுவினர் ஐவரின் முகங்களைச் செதுக்கியதுபோல் வரைந்திருக்கும். எங்கள் கசெட்டில் அந்தப் படம் தீப்பெட்டிப் படத்தைவிடச் சின்னது. மை ஊறி, மூன்று முகம்தான் தேறும். பாட்டுகளின் பெயர்கள் தாறுமாறாக அச்சாகியிருந்தன.

அதைவிடப் பெரிய கொடுமை உள்ளே இருந்தது. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு ‘சைல்ட் இன் டைம்’. அசலில் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். ஜான் லார்டின் ஆர்கன் தனியாக, அடக்கமாகத் தொடங்கும். இயன் கில்லன் கிட்டத்தட்டப் பேசுவதுபோல் பாடுவார். பிறகு சொல்லே இல்லாத குரல் மட்டும், முதலில் மெல்ல, அடுத்து ஒரு படி மேலே, கடைசியில் தொண்டை கிழிகிற அளவுக்கு ஏறும். அதன்பின் ரிச்சி பிளாக்மோரின் கிட்டார். தாளம் இரட்டிப்பாகும், வெறி ஏறும், சட்டென்று எல்லாம் நிற்கும். மறுபடியும் அந்த ஆர்கன், அதே அடக்கம், அதே ஏற்றம். இந்த முறை ஏறிப் போய் மொத்தமும் இடிந்து விழுந்து முடியும்.

கசெட் போட்டவர் நாடாவை மிச்சம் பிடித்திருந்தார். கிட்டார் உச்சத்துக்குப் போகிற இடத்தில் சத்தத்தைக் குறைத்து அங்கேயே பாட்டை முடித்துவிட்டார். திரும்பி வருகிற பாதி எங்கள் தெருவுக்கு வந்து சேரவே இல்லை.

ஆக, பாதிப் பாட்டைக் கேட்ட நாங்கள், இது புரோகிரசிவ்தான் என்று சாதித்துக்கொண்டிருந்தோம். முழுப் பாட்டையும் நல்ல ஸ்பீக்கரில் கேட்ட பங்களா வீட்டுப் பையன், இல்லவே இல்லை என்றான்.

அவன் சொன்ன காரணம் தாளம். “ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் நாலு நாலா எண்ணிடலாம் லா. இதுல என்ன இருக்கு?” பிங்க் ஃபிளாய்டின் ‘மணி’ ஏழில் போகிறது, ஜெத்ரோ டல்லின் ‘லிவிங் இன் தி பாஸ்ட்’ ஐந்தில் போகிறது, டீப் பர்ப்பிளுக்கு அதெல்லாம் வராது என்பது அவன் வாதம். எங்கள் கூட்டத்தில் ஒருவனின் அப்பா கோயிலில் தவில் வாசிப்பவர். அவன் சொன்ன பதில் அன்றே எனக்குப் போதுமானதாக இருந்தது, இன்றும் போதுமானதாக இருக்கிறது. “ஏழும் அஞ்சும் எங்கப்பா கோயில்ல சும்மா வாசிப்பாருடா. அதுக்காக அவர யாரும் லண்டனுக்குக் கூப்பிடல.”

உண்மைதானே. தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் டத்தோ கிராமாட் சாலை வழியாகத் தண்ணீர்மலைக்குப் போகும். சாலை நெடுகத் தேங்காய் உடைபட, நாதஸ்வரமும் தவிலும் கூடவே போகும். அந்தச் சத்தத்தில் வளர்ந்த காதுக்கு மிஸ்ர சாபுவும் கண்ட சாபுவும் புதுமை இல்லை. ஒற்றைப்படைத் தாளம் வந்துவிட்டால் இசை உயர்ந்துவிட்டது என்பது, அது அரிதாக இருக்கும் ஊரில் பிறந்த அளவுகோல். நம் ஊரில் அது செல்லாது. ஆதி தாளத்தில் ஒரு பல்லவியை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பது நமக்குத் தெரியும்.

‘சைல்ட் இன் டைம்’ அப்படித்தான் போகிறது. அந்த ஆர்கன் சுற்று நம் நடபைரவியின் சுரங்களுக்குள்ளேயே நிற்கிறது. எங்கள் தெருப் பெரியவர்கள் அதை மட்டும் முகம் சுளிக்காமல் கேட்டதற்கு அது காரணமாக இருக்கலாம். அதன் விதை இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே என்ற சான் ஃபிரான்சிஸ்கோ குழுவின் ‘பாம்பே காலிங்’. வயலினில் துள்ளி ஓடும் சின்ன வாத்திய இசை அது. அதை வேகம் குறைத்து, பேர் தெரியாத ஒரு பயத்தை அதற்குள் ஏற்றி, பத்து நிமிடக் கட்டடமாக எழுப்பினார்கள் டீப் பர்ப்பிள்காரர்கள். கிங் கிரிம்சன் செய்ததும் யெஸ் செய்ததும் இதே வேலைதான். ஒரு சின்னக் கருவை எடுத்து, அது தாங்கக்கூடிய எல்லை வரை கொண்டுபோய்ப் பார்ப்பது.

இந்த இசைத்தட்டு பிறந்த கதையும் பங்களா வீட்டுப் பையனுக்குத் தெரிந்திருக்கவில்லை. 1969 செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் டீப் பர்ப்பிள், ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு சேர்ந்து வாசித்தது. எழுதியவர் ஜான் லார்ட், நடத்தியவர் மால்கம் ஆர்னால்ட். ஊரெல்லாம் இனி இவர்கள் ஆர்கெஸ்ட்ரா கோஷ்டி என்று பேச, பிளாக்மோருக்கு அது பிடிக்கவில்லை. அடுத்தது அடியும் இடியுமாக இருக்கட்டும், எடுபடவில்லை என்றால் மறுபடி ஆர்கெஸ்ட்ராவுக்கே போகலாம் என்று அவர் முரண்டு பிடித்ததில் வந்ததுதான் 1970 ஜூனில் வெளியான ‘இன் ராக்’. புரோகிரசிவ் என்ற பட்டத்தை உதறிவிட்டு ஓடியவர்கள் செய்த இசைத்தட்டு அது. அதற்கு அந்தப் பட்டத்தை வாங்கிக் கொடுக்க டத்தோ கிராமாட்டில் நாங்கள் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தோம்.

ஓடினாலும் லார்ட் கையை விட்டுப் புரோகிரசிவ் போகவில்லை. ஹேமண்ட் ஆர்கனை வழக்கமான லெஸ்லி ஸ்பீக்கரில் விடாமல், கிட்டார்காரர்கள் வைத்துக்கொள்ளும் மார்ஷல் ஆம்பிளிஃபயரில் விட்டு வாசித்தார். ஆர்கன் உறுமியது. புரோகிரசிவ் குழுக்களில் கீபோர்டு பெரும்பாலும் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பதிலாக நிற்கும். இங்கே அது இரண்டாவது கிட்டாராக மோதியது. இதையும் ஒரு கண்டுபிடிப்பாகக் கணக்கில் சேர்க்காதவர்களோடு நான் இன்றும் வாதாடத் தயார்.

ஈய ஆலை இப்போது இல்லை. அந்த இடத்தில் பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் நிற்கிறது. அப்பா வேர்வை சிந்திய இடத்தில் குளிர்பதனத்தில் நடந்து போய் காப்பி குடிக்கலாம். கசெட் மேசைகளும் போய்விட்டன. லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தை மட்டும் காலையில் கூடுகிறது. பழைய பூட்டு, கைக்கடிகாரம், கழற்றிய மின்விசிறி, இவற்றுக்கு நடுவே இசைத்தட்டுப் பெட்டிகள். அங்கேதான் இங்கிலாந்தில் அச்சான ‘இன் ராக்’ ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஜெனிசிஸ் தட்டைவிட இதற்கு அதிக வெள்ளி கேட்டார் கடைக்காரர். பட்டறைக்காரன் பாட்டை இப்போது விலையுயர்ந்த டர்ன்டேபிள் வைத்திருப்பவர்கள்தான் தேடி வந்து வாங்குகிறார்களாம்.

உறையிலிருந்து தட்டை உருவினேன். நடுவில் இளம்பச்சை வட்டம், அதில் ‘ஹார்வெஸ்ட்’ என்ற பெயர். இஎம்ஐ கம்பெனி 1969இல் புரோகிரசிவ் இசைக்கென்றே தொடங்கிய முத்திரை அது. பிங்க் ஃபிளாய்டின் தட்டுகளும் அதில்தான் வந்தன. 1970இல் இதை விற்றவர்களே பிங்க் ஃபிளாய்டோடு ஒரே அலமாரியில்தான் வைத்தார்கள். ஹார்ட் ராக் இந்தப் பக்கம், புரோகிரசிவ் அந்தப் பக்கம் என்ற வேலியெல்லாம் பிறகு போட்டது. பங்களா வீட்டுப் பையனிடம் இருந்ததும் இங்கிலாந்து அச்சுதான். அவன் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தபோதெல்லாம் பதில் அவன் வீட்டு ரெக்கார்ட் பிளேயரில் சுற்றிக்கொண்டிருந்தது.

வாங்கி வந்து கேட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. இங்கிலாந்துத் தட்டில் முதல் பாட்டான ‘ஸ்பீட் கிங்’, எல்லா வாத்தியமும் ஒரே நேரத்தில் அலறுவதில் தொடங்கி, அதிலிருந்து மெல்லிய ஆர்கனுக்கு இறங்கி, அதன்பிறகுதான் பாட்டுக்குள் பாய்கிறது. அமெரிக்காவில் வெளியிட்டபோது அந்தத் தொடக்கத்தையே வெட்டிவிட்டார்கள். பாட்டை வெட்டுவது பாசார் மாலாம் மேசையோடு முடிந்த பழக்கம் இல்லை.

அக்கா மகன் ஓப்பெத், டிரீம் தியேட்டர் கேட்கிறவன். பாடாங் பிரவுன் சாப்பாட்டுக் கடையில் பாசெம்போர் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

“மாமா, அத எதுக்குப் புரோக்ல கொண்டு போய் சேக்குறீங்க? அது அடிக்கிற பாட்டு லா. புரோக்னு சொன்னா பரீட்ச எழுதுற மாதிரி ஆயிடும். பாவம், விட்டுடுங்க.”

அன்று நாங்கள் கேட்டு அழுத நாற்காலியை இவன் வேண்டாம் என்று தள்ளுகிறான். ஆனால் இவன் கும்பிடுகிற குழுக்களே என் பக்கம்தான். ஓப்பெத் 2010இல் ராயல் ஆல்பர்ட் ஹால் கச்சேரியை வெளியிட்டபோது, அட்டைப்படத்தை, அதே அரங்கில் டீப் பர்ப்பிள் 1969இல் வாசித்த கச்சேரியின் தட்டைப் பார்த்தே அமைத்தார்கள். டிரீம் தியேட்டர் 2006இல் ஒசாகாவில் டீப் பர்ப்பிளின் ‘மேட் இன் ஜப்பான்’ இசைத்தட்டு முழுவதையும் வரிசை மாறாமல் வாசித்தார்கள். அதில் ‘சைல்ட் இன் டைம்’ உண்டு. சொன்னேன். “மரியாத வேற, வக வேற” என்றான். கெட்டிக்காரன்தான்.

‘இன் டு த ஃபயர்’, ‘லிவிங் ரெக்’, ‘பிளட்சக்கர்’ எல்லாம் அசல் ஹார்ட் ராக், அதை ஒப்புக்கொள்கிறேன் என்றேன். ஆனால் ஒரு இசைத்தட்டை அதன் சராசரியை வைத்து எடை போடக் கூடாது, அது எட்டிய உயரத்தை வைத்துப் போட வேண்டும்; அந்த உயரம் முதல் பக்கத்தின் கடைசியில் இருக்கிறது; அதனால் இது புரோகிரசிவ்தான் என்றேன். ‘ஹார்ட் லவின் மேன்’ குதிரைப் பாய்ச்சலில் போகிறதே, அதிலிருந்துதான் ஹெவி மெட்டலே பிறந்தது, அதை என்ன செய்வீர்கள் என்று கேட்டான். அந்தத் தட்டின் ஒலிப்பதிவில் வேலை செய்த மார்ட்டின் பர்ச்தான் பின்னாளில் அயர்ன் மெய்டனுக்குத் தயாரிப்பாளர் ஆனார் என்பதையும் போனைப் பார்க்காமல் சொன்னான். அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். இங்கிலாந்துத் தட்டை, ‘ஸ்பீட் கிங்’ அலறலிலிருந்து தொடங்கி, இரண்டு பக்கமும் முழுதாகப் போட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவது என்று ஒப்பந்தம்.