பேக்கப் மென்பொருளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருப்பது எப்படி

கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையிலோ வில்பட்டியிலோ ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாடிப்படிக்கு அடியில் ஆபீஸ் என்று பெயர் வைத்த மூலையில் ஒரு பழைய லேப்டாப். தீபாவளிக்கு வந்த அக்கா மகன், விண்டோஸ் இழுக்கிறது என்று லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அறை முன்பதிவு, ஜிஎஸ்டி கணக்கு, 2018இல் குறிஞ்சி பூத்தபோது எடுத்த படங்கள் எல்லாம் அதற்குள்தான். அதுவும் இல்லையென்றால், 2011 முதல் மாணவர்களுக்கு அரசு கொடுத்த லேப்டாப் ஒன்று வீட்டில் கிடக்கும். விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது அதில். அந்தப் பக்கம் எத்தனை பேர் எட்டிப் பார்த்தார்கள் என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம்.

ஒருநாள் யாரோ ஒருவர், "பேக்கப் எடுக்கிறீங்களா?" என்று கேட்டுவிடுவார். பதறாதீர்கள். எடுக்கிறேன் என்றால் பொய். இல்லை என்றால் மானக்கேடு. "எந்த சாஃப்ட்வேர் நல்லதுன்னு பாத்துக்கிட்டிருக்கேன்" என்று சொல்லுங்கள். கேட்டவருக்கு உங்கள் மேல் மரியாதையே கூடிவிடும். இந்தப் பதிலை வருஷக்கணக்கில் சொல்லலாம். அதற்கு வேண்டிய சரக்கைத் திறமூல உலகம் தாராளமாகவே தந்திருக்கிறது.

ஆரம்பம் டார். 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்தது, காந்த நாடாவில் எழுதுவதற்காகச் செய்தது. ஒரே ஒரு வரி அடித்தால் ஃபோல்டர் முழுவதையும் ஒரே ஃபைலாகக் கட்டிக் கொடுத்துவிடும். இன்றைக்கு மாலைக்குள் வேலை முடிந்துவிடும் அபாயம் இருப்பதால் இதை உடனே நிராகரித்துவிடுங்கள். பழசு என்று ஒரு காரணம் சொன்னால் போதும்.

அடுத்தது ஆர்சிங்க். ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கெராஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் 1996இல் வெளியிட்டது. நெட்வொர்க்கில் அனுப்பும்போது ஃபைலில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் கெட்டிக்காரத்தனம் இதற்கு உண்டு. இதில் பொழுதுபோக்க நல்ல இடம் ஒரு சாய்கோடு. மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் அந்தக் கோட்டைப் போட்டால் உள்ளே இருப்பவை மட்டும் போகும்; போடாவிட்டால் ஃபோல்டரே போய் உட்காரும். இது எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு தடவையும் மறந்துபோகும், மறுபடி தேடலாம். டெலீட் என்று இன்னொரு ஆப்ஷன் இருக்கிறது. இங்கே அழித்தது அங்கேயும் அழியட்டும் என்பது அதன் பொருள். கணக்கு ஃபைலை நீங்கள் தெரியாமல் அழித்த அன்று இரவு, உங்களை நம்பி, நகலிலிருந்தும் அது சுத்தமாகத் துடைத்துவிடும். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது.

சாதாரண ஆட்களோடு நம்மைச் சேர்க்கக் கூடாது என்று நினைப்பவர்கள் பக்யூலாவுக்குப் போகலாம். பேக்கப்பையும் டிராகுலாவையும் சேர்த்து வைத்த பெயர். ராத்திரி வந்து கம்ப்யூட்டரின் சாரத்தை உறிஞ்சிக்கொண்டு போகுமாம். நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்கள் உள்ள இடத்துக்கு அருமையான அமைப்பு. டைரக்டர் என்று ஒரு நிரல், சேமிப்பைக் கவனிக்க ஒன்று, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஃபைல்களை எடுத்துக் கொடுக்க ஒன்று, எது எங்கே இருக்கிறது என்று எழுதி வைக்க ஒரு டேட்டாபேஸ். அந்த டேட்டாபேஸுக்கு யார் பேக்கப் எடுப்பது என்பது தனிக் கேள்வி. உங்கள் ஹோம்ஸ்டேயில் சமையல்கார அம்மாவையும் சேர்த்தே மூன்று பேர்தான். இருந்தாலும் டைரக்டர் என்று ஒருவர் இருப்பது நல்லதுதானே.

இத்தனைக்கும் மசியாதவர்களுக்காகவே போர்க்கும் ரெஸ்டிக்கும் இருக்கின்றன. போர்க் 2015இல் அட்டிக் என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. ரெஸ்டிக்கும் கிட்டத்தட்ட அதே வயது. இரண்டுமே ஃபைல்களைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரே மாதிரித் துண்டு ஏற்கெனவே இருந்தால் மறுபடி சேமிக்காது. குறிஞ்சிப் படங்களைப் பத்து ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தாலும் ஒரு தடவைக்கான இடம்தான் பிடிக்கும். எது மேல் என்று எட்டு மாதம் வாதாடலாம். பூட்டி வைக்கும் விஷயத்தில் ரெஸ்டிக் கறார்: பாஸ்வேர்ட் மறந்தால் உள்ளே இருப்பதை எழுதியவராலும் எடுத்துத் தர முடியாது. ஆகவே அந்தப் பாஸ்வேர்டை அதே லேப்டாப்பில் டெஸ்க்டாப்பிலேயே ஒரு ஃபைலில் வைத்துவிடுங்கள். லேப்டாப் போனால் சாவியும் கூடவே போகும். திருடனுக்குக் கிடைக்கும், உங்களுக்குக் கிடைக்காது.

லினக்ஸ் மின்ட்டில் டைம்ஷிஃப்ட் கூடவே வருகிறது. அக்கா மகன் அதை ஆன் செய்துவிட்டு, "பேக்கப் எல்லாம் போட்டாச்சு மாமா" என்று சொல்லியிருப்பான். அவன் சொன்னது பொய்யில்லை. இயங்குதளத்தை அது பத்திரமாக வைத்திருக்கும். உங்கள் சொந்த ஃபைல்களைத் தானாக அது எடுக்காது, நாம் போய்ச் சொன்னால்தான் உண்டு. நிறுவிய மென்பொருள்கள் எல்லாம் அப்படியே திரும்பி வரும், முன்பதிவு வராது. இதை யாரிடமும் சொல்லாமல் நிம்மதியாக இருக்கலாம்.

(அவசரக் குடுக்கைகளுக்கு மட்டும், காதோடு காதாக: டேஜா டப் என்று ஒன்று உண்டு. எதை, எங்கே, எப்போது என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கிவிடும். பத்து நிமிஷம் ஆகலாம். இந்தக் கையேட்டின் நோக்கத்துக்கு விரோதமானது என்பதால் இதற்கு மேல் எழுதுவதற்கில்லை.)

நேரம் குறிப்பதில் கவனம் வேண்டும். குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவைக்கும் கிரானில் ராத்திரி இரண்டு மணி என்று எழுதி வையுங்கள், எல்லாப் பாடப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கே லேப்டாப்பை மூடிவிட்டுக் கம்பளிக்குள் போய்விடுகிற ஊர் இது. அணைத்திருக்கும் கம்ப்யூட்டரில் கிரான் ஓடாது, காலையில் எழுந்து விட்டுப்போனதைத் தேடி ஓடவும் செய்யாது. அப்படித் தேடி ஓட அனாக்ரான் என்று வேறொன்று இருக்கிறது. அதையும் ஆராய்ச்சிப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நகலை எங்கே வைப்பது? கடையில் வாங்கிய பென்டிரைவ் இருக்கிறது. பெரும்பாலும் ஃபேட்32 முறையில்தான் இருக்கும், நாலு ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை அது ஏற்காது. டார் கட்டிய ஏழு ஜிபி மூட்டை பாதியில் நின்றுவிடும். நீங்கள் அதற்குள் டீ குடிக்கப் போயிருப்பீர்கள். திரும்பி வந்து பார்க்கையில் ஃபைலின் பெயர் அங்கே இருக்கும், அது போதாதா?

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு ஊரில் என்று ஒரு விதி சொல்வார்கள். இதில் வேறு ஊர் என்பதுதான் நமக்கு வசதியான தடை. மேகக் கணினிக்கு அனுப்பலாம்தான். சிக்னல் வினாடிக்கு 2 மெகாபிட் மேலே ஏற்றுகிறது என்றால் 200 ஜிபி ஏற ஒன்பது நாளுக்கு மேல் ஆகும், நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால். அதே 200 ஜிபியை ஒரு டிஸ்க்கில் போட்டு வத்தலக்குண்டிலிருக்கும் மச்சினர் வீட்டு பீரோவுக்குக் கொடுத்தனுப்பினால் அரை நாள்கூட ஆகாது. அதனால்தான் அதைப் பற்றி யோசிக்கவே கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கம் மரங்களைச் சாய்த்து, ரோட்டை அடைத்து, கரண்டைப் பிடுங்கியபோது மலையிலிருந்த அசலும் மலையிலேயே இருந்த நகலும் ஒன்றாகத்தான் இருட்டில் கிடந்தன. ஒற்றுமைக்கு ஒரு குறையும் வரவில்லை.

இந்த ஊரிலேயே பின்பற்றக் கூடாத உதாரணம் ஒன்று 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூரிய ஆய்வகம். சென்னையில் நடந்த வேலையை 1899இல் இங்கே மாற்றினார்கள். எந்தத் தொழில்நுட்பம் சிறந்தது என்று நூறு வருஷம் பேசியிருக்கலாம். அவர்களோ 1904 முதல் மேகம் விட்டுக்கொடுத்த நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்துக் கண்ணாடித் தட்டில் பதித்து வைத்தார்கள். போதாதென்று சூரியனில் தெரியும் புள்ளிகளையும் மற்ற அம்சங்களையும் கட்டம் போட்ட தாளில், தனித்தனி நிறத்தில், கையால் வரைந்தும் வைத்தார்கள். கண்ணாடியில் ஒன்று, தாளில் ஒன்று. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் கரும்புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தது இங்கேதான். பிற்காலத்தில் ஒருமுறை ஸ்கேன் செய்த தட்டுகளை, தரம் போதவில்லை என்று, 4096க்கு 4096 புள்ளிகள் கொண்ட கேமராவை வைத்து மறுபடி எடுத்தார்கள். ஸ்கேன் ஆகிவிட்டதே என்று தட்டுகளைத் தூக்கிப் போட்டிருந்தால் இந்த இரண்டாவது வேலைக்கு இடமே இருந்திருக்காது. இன்று லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் டிஜிட்டலில் இருக்கின்றன. ஒரு மென்பொருள் விவாதம்கூட இல்லாமல் இப்படி ஒரு நூற்றாண்டைக் கழித்தது எனக்கென்னவோ கொஞ்சம் அநியாயமாகவே படுகிறது. நமக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. குறிஞ்சிப் படம் போனால் என்ன, 2030இல் மறுபடி பூக்கும்.

கடைசியாக ரீஸ்டோர். எடுத்த நகலைத் திறந்து பார்க்கும் கெட்ட பழக்கம் சிலருக்கு உண்டு. மற்றவர்களின் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்துக்கு அது இல்லை. 2017 ஜனவரி 31 அன்று அங்கே ஒரு இன்ஜினியர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து விதமான பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தன. தேடிப் பார்த்தால் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. தினசரி நகலை எடுக்க வேண்டிய கருவியின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்போடு ஒத்துப்போகாமல் நாள்தோறும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றுவிட்டேன் என்று அது அனுப்பிய மெயில்களையும் மெயில் சர்வர் ஏற்காமல் திருப்பியிருந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன்பு யாரோ வேறு காரியத்துக்காக எடுத்து வைத்த நகல் ஒன்று தற்செயலாக அகப்பட்டது, பிழைத்தார்கள். நடந்த அத்தனையையும் மறைக்காமல் அவர்களே எழுதி வெளியிட்டார்கள். அவ்வளவு பெரிய நிறுவனமே திறந்து பார்க்கவில்லை என்றால் ஹோம்ஸ்டேக்கு எதற்கு?

இந்தக் கையேட்டை வழுவாமல் கடைப்பிடித்தவர்களுக்குப் பலன் அநேகமாக மே மாதத்தில், மலர்க் கண்காட்சி வாரத்தில் கிடைக்கும். லேப்டாப் திறக்காது. வாசலில் திருச்சியிலிருந்து ஒரு குடும்பமும் கொச்சியிலிருந்து ஒரு குடும்பமும் நிற்கும். இருக்கும் அறை ஒன்று. இருவர் கையிலும் மலைக்கு வர வாங்கிய இ-பாஸ், இருவர் போனிலும் முன்பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட். அவர்கள் பக்கம் பேக்கப் பக்காவாக இருக்கும். கைக்குழந்தை உள்ள குடும்பத்தை உள்ளே விடுங்கள். மற்றவர்களை உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டு, கீழ் வளைவில் ஹோம்ஸ்டே நடத்தும் பெரியவருக்கு போன் போடுங்கள். அவரிடமும் இடம் இருக்காது. நீளமான ரூல்டு நோட்டைப் புரட்டி உடனே சொல்லிவிடுவார்.