ரெக்கார்டிங் சென்டரிலிருந்து டேக் வரை

எண்பதுகளில் கும்பகோணத்தில் பாட்டுக் கேட்பவருக்குத் தேர்ந்தெடுக்க இருந்தது கேசட் ஒன்றுதான். ரெக்கார்டிங் சென்டரில் பட்டியலை நீட்டினால், "டிடிகேயா சோனியா தம்பி? அறுபதா தொண்ணூறா?" என்பார் கடை அண்ணன். எல்பியை விளிம்பில் பிடித்துத் துடைத்து ஓடவிடுவார். மீட்டர் முள் சிவப்பைத் தொட்டுத் தொட்டுத் திரும்பும் இடத்தில் லெவல் குமிழை நிறுத்துவார். அதற்கு மேல் ஏற்றினால் பாட்டு கரகரக்கும். இறக்கினால் டேப்பின் இரைச்சல் மேலே வரும். எங்கள் ஒலித்தரம் முழுக்க அந்த விரலில் இருந்தது.

1982-ல் ஜப்பானில் சோனியின் முதல் சிடி பிளேயர் விற்பனைக்கு வந்தது. எண்களை மின்னலையாக மாற்றும் டேக் அதோடு சேர்ந்து வீடுகளுக்குள் நுழைந்தது. பிற்பாடு எங்கள் வீட்டுக்கும் ஒரு பிளேயர் வந்தபோது, உள்ளே அப்படி ஒரு சிப் இருப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இன்று அது தனிப் பெட்டி. "சார், இது ஈஎஸ்எஸ் சிப், அது ஏகேஎம். 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ்" என்று கடையில் அடுக்குகிறார்கள். சிடியோ 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்தான். அந்த 16 பிட்டிலேயே உரத்த ஒலிக்கும் சன்னமான ஒலிக்கும் நடுவே ஏறக்குறைய 96 டெசிபல் இடம் இருக்கிறது. அனலாக் டேப்பில் பதிவான பழைய பாட்டுக்கு அவ்வளவு இடமே தேவையில்லை. அதற்கு வெகு முன்பே டேப்பின் இரைச்சல் வந்துவிடும். 120 டெசிபல் டேக்கால் அந்தப் பாட்டில் புதிதாக எதையும் எடுத்துத் தர முடியாது. வாங்க வருபவரிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நான் பார்த்தது வேறு. கம்ப்யூட்டரை யூஎஸ்பியில் இணைத்தால் ஸ்பீக்கரில் மெல்லிய 'உர்ர்' கேட்டது. கம்ப்யூட்டரின் எர்த்தும் ஆம்பின் எர்த்தும் கேபிள் வழியே வளையமாகச் சேர்ந்துகொள்வதால் வரும் சத்தம் அது. ஆப்டிகல் கேபிளில் போவது வெளிச்சம்; செம்புத் தொடர்பே கிடையாது. அதை மாட்டியதும் சத்தம் நின்றது. ஆகவே ஆப்டிகல் இன்புட் இல்லாத பெட்டிகளை, சிப் எதுவானாலும், ஒதுக்கிவிட்டேன்.

மிஞ்சியவற்றில் இரண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். 50 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, இரண்டுக்கும் ஒரே வோல்ட் வரும்படி வால்யூமைச் சரிசெய்தேன். இதைச் செய்யாமல் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. துளி உரக்க ஒலிப்பதைத்தான் காது 'நல்லது' என்று சொல்லும். நான் கண்ணை மூடிக்கொள்ள, மகள் மாற்றி மாற்றிப் போட்டாள். "இப்ப எதுப்பா ஓடுது?" என்னால் சொல்ல முடியவில்லை. ஒன்றின் விலை மற்றதைப்போல் மூன்று மடங்கு.

விலை குறைந்ததை வைத்துக்கொண்டு, மிச்சப் பணத்தை ஸ்பீக்கரில் போட்டேன். அவற்றைச் சுவரிலிருந்து முன்னே இழுத்ததும் பூம்பூமென்று வீங்கிக் கிடந்த பேஸ் இறங்கி, இளையராஜா பாடல்களில் பேஸ் கிடாரின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக நடந்தது. எந்த டேக்கும் இந்த வித்தியாசத்தைத் தரவில்லை.

பழைய பாட்டுகள் சிலவற்றின் மறுவெளியீடுகளில் ஒலியை உச்சிவரை ஏற்றி, ஏற்ற இறக்கத்தையே நசுக்கிவிட்டிருக்கிறார்கள். நசுங்கியதை மீட்கும் டேக் எதுவும் இல்லை. அதனால் இப்போது அதே பாட்டுகளின் முதல் சிடிப் பதிப்புகளைப் பழைய கடைகளில் தேடி வாங்குகிறேன்.