பேருரு மையல்: மடத்துக்குளத்தை முன்வைத்து ஒரு முன்னோட்ட ஆய்வு

ராட்சத உருவங்கள் மீது மனிதருக்கு எழும் ஆசையை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆய்வெல்லை: மடத்துக்குளம் பஸ் ஸ்டாப் முதல் பழனி வரை. ஆய்வுக்காலம்: பஸ் வரும் வரை. மேல்நாட்டார் மேக்ரோஃபிலியா என்பதை நான் 'பேருரு மையல்' என்கிறேன். கலைச்சொல் படைத்தவனுக்குப் பாதிப் புகழ். மீதிப் பாதி, பன்னாட்டு ஆய்விதழுக்குப் பணம் கட்டியவனுக்கு.

இம்மையல் நால்வகைப்படும்: புராண வகை, பறவை வகை, காற்றாலை வகை, பனியன் வகை.

புராண வகைக்கு இடும்பி சான்று. வீமனைக் கொன்று வா என்று அண்ணன் அனுப்ப, அவனையே கட்டிக்கொண்டு கடோற்கசனைப் பெற்றாள். நம் வட்டாரச் சான்று பழனி இடும்பன். அகத்தியர் சொற்படி சிவகிரி, சக்திகிரி இரண்டையும் காவடி கட்டித் தூக்கி வந்தவன். இளைப்பாற இறக்கிய மலை மறுபடி எழவில்லை. மேலே ஒரு சிறுவன் நின்றான். சண்டையில் இடும்பன் மாண்டான். மனைவி அழுது மன்றாட, முருகன் உயிர் கொடுத்தான். காவடி எப்படி வந்தது என்று குடைகிறவர்கள் அந்த அம்மாளைக் கண்டுகொள்வதில்லை. இரண்டு மலை சுமக்கிற ஆளை அவள் எங்கே படுக்க வைத்தாள்? (என் அமுச்சி, வாய்மொழி, திண்ணை.)

பறவை வகை: நோபல் பரிசு (1973) பெற்ற நிக்கோ டின்பெர்கன், கடற்கரைப் பறவை ஒன்றின் பக்கத்தில் பெரிய பொய் முட்டையை வைத்தார். அது சொந்த முட்டையை விட்டுவிட்டு அதன்மேல் ஏறி உட்காரப் படாத பாடு பட்டது. அசலைவிடப் பெரிய போலிக்கு மயங்குவது உயிர்க்குணமாம். ஊர் முக்கில் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவர்களுக்கு இது தெரிந்த சேதிதான்.

காற்றாலை வகையை ஸ்பெயின்காரர் ஒருவர் 1605இலேயே முடித்துவிட்டார்.

இனி பனியன் வகை. இங்கிருந்து கம்பெனி வண்டியேறித் திருப்பூர் போகும் பெண்கள் செக்கிங் டேபிளில் பிசிறும் ஓட்டையும் எண்ணெய்க் கறையும் தேடுகிறார்கள். ஒருநாள் ஃபைவ் எக்ஸெல் வருகிறது. விரித்துப் போட்டால் ஒருபக்க அகலமே முப்பது அங்குலத்தைத் தாண்டுகிறது. டேபிள் அமைதியாகிறது. பிறகு ஒரு குரல்: “ஏனுங்க்கா, இவனுக்கு எத்தன படி வடிக்கோணும்?” மறுகுரல்: “வடிக்கறது கெடக்கட்டும், கட்டலு தாங்கோணுமில்ல?” மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் மூன்றாமவள் எதுவும் பேசாமல் கையை மட்டும் நீவி மடிக்கிறாள். (செக்கிங் டேபிள், இடப்பக்கம், இரண்டாம் டீக்குச் சற்று முன், சூப்பர்வைசர் போனில் இருந்த பொழுது. பாடபேதம்: 'எத்தன வள்ளம்'. வள்ளமே மூத்த பாடம், படி இடைச்செருகல் என்பர் ஒரு சாரார். இரண்டுமே செக்கிங்கில் இல்லை, பேக்கிங்கில் பிறந்தவை என்பர் மறுசாரார். இரு சாராரும் இப்போது பேசிக்கொள்வதில்லை.)

இந்த ராட்சதனை யாரும் பார்த்ததில்லை. மார்புச் சுற்று உண்டு, கைநீளம் உண்டு, முகம் இல்லை. பேண்ட் வேறு கம்பெனியில் தைக்கப்படுவதால் கால்கள் குறித்துக் கருத்து வேறுபாடு நிலவுகிறது. அவன் நல்லவன் என்பதில் மட்டும் டேபிள் முழுதும் ஒருமனம்: அவ்வளவு பெரியவனுக்குக் கோபம் வராது, வந்தால் வீடு தாங்காது. ஓர் ஓட்டுச்சில்லை வைத்து ஒரு நாகரிகத்தையே எழுப்பிவிடுகிறவர்கள் இருக்க, முழு பனியனை வைத்து ஓர் ஆளை எழுப்பியதைக் குறை சொல்வதற்கில்லை.

ஆர்டரில் கழிந்த பெரிய சைஸ் சில சமயம் ஊருக்கே திரும்பி வருகிறது. முப்பத்திரண்டு அங்குல மார்புக்காரர் அதைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்கு வருகிறார். பின்னால் இன்னொருவர் நிற்கலாம். ராட்சதனைக் கற்பனை செய்தவளே அதை இவருக்கு வாங்கி வந்தாளா என்பது மேலும் ஆய்வுக்குரியது. நான் கேட்டேன். “சல்லீசா கெடச்சுதுங்க” என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார்.

களப்பணியின் கடைசிக் கணம்: ஆடி மாதம், கணவாய்க் காற்று. ரோட்டோர வீட்டுக் கொடியில் ஒரு ஃபைவ் எக்ஸெல். காற்று புகுந்ததும் தோள் எழுந்தது, நெஞ்சு விரிந்தது, இரண்டு கையும் மலை தூக்குகிற மாதிரி உயர்ந்தன. வீட்டுக்கார அம்மா வெளியே வந்தார். கிளிப்பைக் கழற்றினார். அவனை நாலாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார். (நேரில் கண்டது. அதற்குள் பஸ் வந்துவிட்டது.)