ஒண்டு போதும் அண்ணே

இன்று காலை, சல்லி அம்மன் கோயில் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், துடுப்பு வலித்து வந்த ஒரு தெப்பம் என் இஞ்சின் போட்டை முந்திப் போனது. வலித்த பொடியன் திரும்பிப் பார்த்து, “கயிறு போடவா மாமா?” என்றான். மரியாதையாகத்தான் கேட்டான். அதுதான் இன்னும் எரிகிறது.

இரண்டு காபரேற்றர் இருந்த இஞ்சினை ஒன்றாக்கி இன்றோடு மூன்று நாள். நான் மீன் பிடிக்கிறவன் அல்ல, பென்சன்காரன். பேரப்பிள்ளைகளைப் புறாத்தீவுக்குக் கூட்டிப் போகலாம் என்று பழைய இஞ்சின் ஒன்று வாங்கினேன். இரண்டு சிலிண்டர், ஆளுக்கொரு காபரேற்றர். இரண்டும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். ஒன்று மயிரிழை முந்தினாலும் இஞ்சின் இருமும். இணைக்கிற கம்பியைச் சரிபார்த்தால் தீர்கிற வருத்தம்தான். ஆனால் நான் இஞ்சினைக் கழற்றியதோ கரையில், யோசனை சொல்லுகிறவர்கள் நடுவில்.

“ஒண்டு போதும் அண்ணே. கொம்பனிக்காரன் சும்மா ரெண்டு வைச்சிருக்கான்” என்றார் முதலாமவர். ஒன்றானால் எரிபொருள் மிச்சம் என்று, 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே பாய்ச்சலில் 340க்குப் போனதை இரண்டாமவர் நினைவூட்டினார். என் இஞ்சின் பெற்றோலில் ஓடுவது என்று நான் சொன்னதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. மூன்றாமவர் மோட்டார் சைக்கிள் ஞானி. ட்றயம்ப் கொம்பனி 1959இல் இரட்டைக் காபரேற்றரோடு பொன்வில் விட்டபோதும், ஒற்றையோடு இன்னொரு 650ஐயும் விற்றுக்கொண்டுதானே இருந்தது என்றார். உண்மைதான். அவர்களிடம் தொழிற்சாலை இருந்தது. என்னிடம் ஒரு மெக்கானிக் பாஸ் இருந்தார்.

பாஸ் அலுமினியத்தில் கவட்டைக் குழாய் ஒன்று ஒட்டினார். ஒரு கால் மற்றதைவிட ஒரு விரற்கடை நீளம். மேல் சிலிண்டர் வயிறு முட்டக் குடித்தது, கீழது பட்டினி. இது டூ ஸ்ட்ரோக், பெற்றோலில் 50க்கு 1 என்று கலந்த எண்ணெய்தான் உள்ளே போய் பிஸ்டனை நனைக்கிறது. பெற்றோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ஜெற்றைப் பெரிதாக்க வேண்டாமா என்று கேட்டேன். “ஓடட்டும் பாப்பம்” என்றார்.

வேலை முடிந்தபோது பதினொரு நட்டு மிஞ்சியது.

மிஞ்சிய நட்டைப் பற்றி யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் வீட்டிலும் அந்த ரின் இருக்கும். எங்களுடையது நெஸ்பிறே ரின். அதில் மின்விசிறியின் நட்டு இருக்கிறது, மின்விசிறி சுற்றுகிறது. தையல் மெசினின் நட்டு இருக்கிறது, மெசின் தைக்கிறது. சைக்கிளுடையவை நாலு, நான் விழவில்லை. படலையுடையது ஒன்று, படலை மட்டும் விழுந்தது, அதுவும் மாடு இடித்து. கட்டிலின் நட்டு எது என்று தெரியவில்லை, ஆனால் இரவில் கட்டில் தன் நட்டைக் கூப்பிடுகிறது. மனுசி ஒருமுறை ரின்னை எறியப் போனாள். மறித்துவிட்டேன். ஒருநாள் உதவும். முப்பது வருசமாக அந்த ஒருநாளைத்தான் பார்த்திருக்கிறேன். சீனக்குடாவில் வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன, பல சும்மாதான். திருகோணமலை வீடுகளில் மிஞ்சிய நட்டையெல்லாம் கொண்டுபோய்க் கொட்டினால் ஒன்றாவது நிரம்பும். பிறகு அந்தத் தாங்கியைக் கழற்றிப் பூட்டினால் அதிலும் நாலு மிஞ்சும்.

எங்கே விட்டேன்? இரட்டை நல்லதா, ஒற்றை நல்லதா என்று சொல்லத்தான் தொடங்கினேன்.

அதற்குள் படலையடியில் ஆள். “ஒண்டு போதும்” என்ற அதே முதலாமவர்.

“அண்ணே, அந்த மற்றக் காபரேற்றர் சும்மாதானே கிடக்கு? எண்ட இஞ்சினுக்கு ரெண்டாப் போட்டுப் பாக்கலாம் எண்டு.”

கொடுத்தேன். பூட்டுவதற்கு நட்டு இருக்குமா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.