வேலிக்குக் கோட்டு, காருக்கு வெறுங்கால்

டொராண்டோவில் நவம்பர் பிறந்தால் வாசலில் நிற்கும் சீடார் வேலிக்கு ராஜ மரியாதை தொடங்கிவிடும். சணல் சாக்கைச் சுற்றி, குளிர்காற்று படாதபடி இழுத்து முடிச்சுப் போடுவார்கள். கல்யாணப் பெண்ணுக்குக்கூட இவ்வளவு கவனமாகப் புடவை கட்டியிருக்க மாட்டார்கள்.

பக்கத்தில் நிற்கும் காருக்கோ பழைய டயரே போதுமாம். கேட்டால், "நாலு பருவத்துக்கும் ஆகும் என்றுதானே விற்றார்கள்!" 7 டிகிரிக்குக் கீழே அந்த ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும் என்பது அவர்கள் காதில் ஏறாது. பக்கத்து கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். டொராண்டோவில் கட்டாயமில்லை, மாட்டினால் காப்புறுதியில் தள்ளுபடி உண்டு. தள்ளுபடிக்கும் மசியாத மனிதர்களை இங்கேதான் பார்க்கிறேன்.

முன்கண்ணாடிப் பனியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை சுரண்டி, அதன் வழியே உலகைப் பார்த்து ஓட்டுகிறார்கள். கூரைமேல் ஒரு குட்டி மலையும் கூடவே பயணிக்கிறது. பிரேக்கை மிதித்தால் அது கண்ணாடிக்கு இறங்கி வரும்.

வாசலில் கொட்டும் உப்புக்கு மட்டும் பஞ்சமில்லை. மைனஸ் 10க்குக் கீழே சாதா உப்பு பனியைக் கரைக்கத் திணறும். ஆனால் சாக்குக்குள் இருக்கும் வேலியின் வேரைக் கருக்குவதில் குறை வைக்காது.

வேலி பட்டுப்போனால் நர்சரியில் புதிது கிடைக்கும். முதலில் டயரை மாற்றுங்கள், ஐயா.